கொலை வழக்கில் எதை நம்புவது: கண்ட சாட்சியையா, தடயப்பொருளையா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒரு கொலைச் செய்தி பத்திரிகையில் வந்தால், சாப்பாட்டுக் கடையில் முதலில் எழும் கேள்வி "பார்த்த ஆள் இருக்கிறாரா?" என்பதுதான். பார்த்தவர் ஒருவர் இருந்துவிட்டால் வழக்கே முடிந்துவிட்ட மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரில் கண்ட சாட்சி ஒன்றும் தடயப்பொருள் வேறொன்றும் சொன்னால், நான் தடயப்பொருளின் பக்கம் நிற்பவன்.

இதை வெறும் படிப்பறிவில் சொல்லவில்லை. மலேசியாவில், பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரி முறை 1995 ஜனவரி 1 முதல் ஒழிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ரப்பர் தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்த நான், ஒரு கொலை வழக்கில் ஏழு ஜூரர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். தோட்டத்தின் பெயரையோ சம்பந்தப்பட்டவர்களின் பெயரையோ சொல்லப்போவதில்லை. ஜூரிகளின் அறைக்குள் மற்றவர்கள் பேசியதும் இங்கே வராது. நீதிமன்றத்தில் எல்லோர் காதிலும் விழுந்ததையும், என் மனம் எந்தப் பக்கம் போனது என்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

சாட்சிக்குப் பகை இருக்கலாம், பயம் இருக்கலாம், பணம் கைமாறியிருக்கலாம். பொருளுக்கு இவை எதுவும் இல்லை. மறுபுறம், சாட்சி நடந்ததைக் கோவையாகச் சொல்வார், பொருள் வாய் திறக்காது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பொய்ச் சாட்சியைப் பற்றிக்கூட நான் அதிகம் கவலைப்படுவதில்லை. நல்ல வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அதைப் பிரித்துப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. என்னைக் கவலைப்படுத்துவது நேர்மையான சாட்சிதான்.

அந்த வழக்கில் முக்கியச் சாட்சியாக வந்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஓர் அம்மா. பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து, விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு தன் மர வரிசையான நிரைக்குப் போனவர். தோட்டக் காவலாளி வெட்டுப்பட்டுக் கிடந்த இடத்திலிருந்து ஒருவன் வாய்க்காலைத் தாண்டி ஓடியதைப் பார்த்ததாகவும், அவன் கையில் பால்வெட்டும் கத்தி இருந்ததாகவும், அவன் தொழிலாளர் வீட்டு வரிசையான தங்கள் லயத்து ஆள்தான் என்றும் சொன்னார். குரலில் தடுமாற்றம் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரோடு அவருக்குப் பகையும் இல்லை. அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை.

பிறகு பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் வந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே ஒரே நேர்கோட்டில் நீளமான வெட்டு, எலும்பு வரை இறங்கியிருந்தது, கனமான, நீண்ட, நேரான அலகுள்ள ஆயுதத்தால்தான் இப்படி வெட்ட முடியும் என்றார். காவல்துறை கைப்பற்றிய பால்வெட்டும் கத்தியும் எங்கள் பார்வைக்கு வந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. முனை வளைந்து, வாய் பள்ளமாக மடிந்திருக்கும். மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாக இழுத்தெடுப்பதற்கென்றே செய்த வாய் அது. அதைக்கொண்டு ஒருவரைக் குத்திக் கிழிக்கலாம். ஆனால் எலும்பு வரை நேராக இறங்கும் நீள வெட்டை அது போடாது. பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி போடும். அந்தக் கத்தியின் மடிப்பில் காய்ந்த பால் இன்னும் ஒட்டியிருந்தது.

அப்படியானால் அந்த அம்மா கண்டது என்ன? அந்த நேரத்தில் தோட்டத்தில் எதிர்ப்படும் ஒவ்வொருவர் கையிலும் பால்வெட்டும் கத்திதான் இருக்கும். இருட்டில் ஓடியவன் கையிலும் வழக்கமாக இருப்பதையே அவருடைய நினைவு வைத்துவிட்டது. கத்தியை நினைவே வைத்தது என்றால், முகத்தை மட்டும் கண்தான் கண்டது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அந்தப் பாதையில் அந்த நேரத்தில் அவர் தினமும் பார்க்கும் ஆள் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான். இந்த இடத்தில்தான் என் மனம் திரும்பியது. தீர்ப்பு குற்றவாளி அல்ல என்று வந்தது. கொலையைச் செய்தது யார் என்பது எனக்கு இன்றும் தெரியாது.

சட்டமும் இந்த ஆபத்தை அறியாததல்ல. 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி, ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு கிடையாது. நம்பத்தக்க ஒருவர் போதும். அதே சமயம், இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டு டர்ன்புல் தீர்ப்பு வகுத்த எச்சரிக்கையை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் பார்த்தார், இடையே ஏதாவது மறைத்ததா, முன்பே தெரிந்த ஆளா என்றெல்லாம் துருவ வேண்டும். தெரிந்த ஆளையே தவறாக அடையாளம் காண்பதும் உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

எனக்கு முடிவைத் தரும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு மறுபடியும் சோதித்துப் பார்க்க முடியுமா? சாட்சியை மறுபடி விசாரிக்கலாம், அந்த விடியற்காலைக்குத் திரும்ப அனுப்ப முடியாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் கண்டதும் பிறர் சொன்னதும் கலந்துகொண்டே போகும். எங்கள் வட்டாரத்தில் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது அதையடுத்துத்தான். கொலை நடந்த தோட்டங்களில் ஒன்றான எல்ஃபிலுக்குக் கொலையாளிகள் சைக்கிளில் வந்தார்கள் என்பது வரலாற்றில் உள்ளது. நான் சிறுவனாக இருந்தபோது லாரி என்று சொன்ன பெரியவர்களும் உண்டு, காட்டுவழியே நடந்து வந்ததாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. லயம், கோயில், கள்ளுக்கடை என்று எல்லோரும் எல்லோரோடும் பேசும் இடத்தில் நினைவு தனியாக இருக்க முடியாது.

ஒழுங்காகப் பாதுகாத்த பொருள் காத்திருக்கும். அமெரிக்காவில் கிர்க் பிளட்ஸ்வொர்த் என்பவர், 1984இல் நடந்த ஒரு சிறுமியின் கொலைக்காக மரண தண்டனை பெற்றார். அவருக்கு எதிராக ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். 1993இல், எடுத்து வைத்திருந்த துணியை மரபணுச் சோதனை செய்ததில் அவர் அல்ல என்று தெரிந்து விடுதலையானார். அந்தத் துணி மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஐந்து பேரின் சொல்லே நின்றிருக்கும். இங்கே ஜீன் சின்னப்பா என்ற பெண்ணின் கொலை வழக்கை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1979இல் நடந்த அந்தக் கொலையில் தண்டனை பெற்றவர் 1981இல் விடுவிக்கப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்னிடம் பேசியதாகச் சொன்ன சாட்சி, அது பொய் என்று தானே ஒப்புக்கொண்டதால்தான் அது நடந்தது. அவர் கொலையைக் கண்டவர் அல்ல, பேச்சைக் கேட்டதாகச் சொன்னவர். ஆனாலும் ஓர் உயிர் இன்னொருவரின் மனசாட்சி விழிப்பதை நம்பிக் காத்திருந்தது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கட்டாய மரண தண்டனை 2023இல்தான் நீக்கப்பட்டது. நான் ஜூரியாக இருந்தபோது குற்றவாளி என்று சொன்னால் தூக்கு, அவ்வளவுதான்.

தடயப்பொருளும் ஏமாற்றும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த கைரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது, ஸ்பெயின் காவல்துறை அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. ரேகை பத்திரமாக இருந்ததால் அந்தத் தவறு பிடிபட்டது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். இரத்தமா என்று அறியச் செய்யும் முதற்கட்டச் சோதனை சில தாவரச் சாறுகளுக்கும் நிறம் காட்டிவிடும். தோட்டத்துக் கத்தி என்றால் இதை மறக்கவே கூடாது. பத்துப் பேர் புழங்கும் லயத்து நடையில் ஒருவரின் ரேகை கிடைத்தால் அதற்குப் பெரிய பொருளும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பொருளை எடுத்தவர், உறையிட்டவர், ஆய்வகத்தில் கொடுத்தவர் என எல்லோரும் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் பொருளுக்கு மதிப்பு. இடையில் ஒரு கை விடுபட்டால், அதுவும் இன்னொரு மனிதரின் வாய்ச்சொல்லாகிவிடும்.

மரபணுச் சான்றைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் படித்துத்தான். நான் உட்கார்ந்த வழக்கில் அது இல்லை. உட்கார்ந்ததும் ஒரே ஒரு வழக்கு. ஆகவே கலவையான மரபணு மாதிரியை எந்த அளவு நம்பலாம் என்பதில் என் கருத்துக்கு எடை கிடையாது.

சில கொலைகளில் சாட்சியை விட்டால் வேறு வழியில்லை. திருவிழா இரவில் கூட்டமாக அடித்துக்கொண்டு, எல்லோர் சட்டையிலும் எல்லோர் இரத்தமும் இருக்கும்போது, முதல் அடியை அடித்தது யார் என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது. அங்கே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், அன்றைக்கே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் ஒத்திருந்தால், நான் நம்புவேன்.

தோட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. இரத்தம் சிந்திய இடத்தைத் தீட்டு என்று உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம். கிடந்த கத்தியை, குழந்தைகள் மிதித்துவிடும் என்று எடுத்துக் கூரையில் செருகுகிறோம். காவல்துறை வரும்வரை ஒரு கயிறு கட்டி, ஒருவர் காவல் நின்றால் போதும். பார்த்தவர் யாராவது இருந்தால், வாக்குமூலம் கொடுத்து முடிக்கும்வரை அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்காதீர்கள்.