பர்கூருக்கு எதைக் கொண்டுபோவது: நகலா, .எஸ்ஓ-வா, .ஏ-வா?

கிருஷ்ணகிரியைச் சுற்றிப் பன்னிரண்டு லினக்ஸ் பெட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. பாதி மாங்கூழ் தொழிற்சாலைகளில், மீதி கிரானைட் கம்பெனிகளில். டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்க்க, சி-யில் நானே எழுதிய மூன்று சின்ன புரோகிராம்கள் எல்லாவற்றிலும் ஓடுகின்றன. ஒன்று மீதி இடத்தைப் பார்க்கும், ஒன்று ஐநோடுகளை (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் இருக்கும் பதிவு) எண்ணும், ஒன்று ராத்திரி அறிக்கை எழுதும். மூன்றுக்கும் பொதுவாக ஏழெட்டு ஃபங்ஷன்கள் உண்டு: மவுண்ட் பட்டியலைப் படிப்பது, பைட்டுகளை ஜிபி-யாக மாற்றிக் காட்டுவது, லாக் எழுதுவது, இப்படி. இவற்றை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி: ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நகலா, மூன்றும் ஓடும்போது பகிர்ந்துகொள்ளும் .எஸ்ஓ கோப்பா, கட்டும்போதே புரோகிராமுக்குள் சேர்ந்துவிடும் .ஏ கோப்பா? மூன்று வழியிலும் அடிபட்டு, கடைசியில் ஸ்டாட்டிக் லைப்ரரியில், அதாவது .ஏ கோப்பில், வந்து நிற்கிறேன். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் எல்லாரும் செய்வது நகல்தான். இந்தப் பொது ஃபங்ஷன்கள் இருக்கும் யூட்டில்.சி-யை ஒவ்வொரு ஃபோல்டரிலும் போட்டுக்கொள்வது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்த கதைதான்; பிரிந்த அன்று இரண்டும் ஒன்று, அப்புறம் அதது அதன் வழியில். ஒரு பெங்களூரா மாம்பழ சீசனில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, ஒரு தொழிற்சாலையில் பில் போடும் கணினி எழுத இடமில்லை என்று நின்றுவிட்டது. என் ஒரு புரோகிராம் 5 சதவீதம் மீதி இருக்கிறது என்கிறது, இன்னொன்று பூஜ்யம் என்கிறது. டிஸ்க் இடத்தைக் கேட்கும் ஸ்டாட்விஎஃப்எஸ் அழைப்பு காலி இடத்துக்கு இரண்டு எண்கள் தரும். எஃப்_பிஃப்ரீ என்பது எல்லாக் காலி பிளாக்குகளும். எஃப்_பிஅவெய்ல் என்பது சாதாரண யூசர் எழுதக்கூடியவை மட்டும். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பை டிஸ்க்கில் உருவாக்கும்போது, நாம் மாற்றாவிட்டால், 5 சதவீதம் ரூட்டுக்கு (நிர்வாகி கணக்குக்கு) என்று ஒதுக்கப்பட்டுவிடும். அறிக்கையின் நகலில் இதைத் திருத்தியிருந்தேன், இடம் பார்க்கும் புரோகிராமின் நகலில் மறந்துவிட்டேன். நகல் முறைக்கு அன்றோடு கும்பிடு.

அடுத்து .எஸ்ஓ, அதாவது ஷேர்டு லைப்ரரி. ஒரு கோப்பைத் திருத்தினால் மூன்றும் திருந்திவிடும். நினைவகம் மிச்சம் என்பார்கள். என் யூட்டில் சில பத்து கேபி, அதில் என்ன மிச்சம் பிடிப்பது!

இங்கே அடி வேறு மாதிரி விழுந்தது. டிஸ்க் விவரங்களை வரிசையாக வைக்கும் ஸ்ட்ரக்டின் நடுவில் ஒரு புது ஃபீல்டைச் சேர்த்தேன். புது .எஸ்ஓ-வைப் பெட்டியில் போட்டேன், அறிக்கை புரோகிராமை மட்டும் மறுபடி கம்பைல் செய்யவில்லை. அது பழைய ஹெடரின்படி (ஸ்ட்ரக்டின் அமைப்பைச் சொல்லும் கோப்பு) பழைய இடத்திலேயே எண்ணைத் தேடியது. புரோகிராமையும் .எஸ்ஓ-வையும் இணைக்கும் லோடர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறிக்கையில் மட்டும் சம்பந்தமில்லாத ஓர் எண். அமைப்பு மாறினால், லைப்ரரியின் பதிப்பைக் காட்டும் எஸ்ஓநேம் எண்ணை உயர்த்த வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு பெண்டிரைவோடு பைக்கில் கிளம்புகிறவனுக்கு அது ஞாபகம் வராது. ஸ்ட்ரக்டையே மறைத்து, ஃபங்ஷன் வழியாக மட்டும் எட்டவிட்டால் இது நடக்காதுதான். ஏழெட்டு ஃபங்ஷனுக்கு அவ்வளவு ஜோடனை தேவையா?

எனக்குத் தீர்ப்புச் சொன்னது பராமரிப்புதான். என் பெட்டிகளில் பாதிக்கு இணையம் கிடையாது. நேரில் போய் மாற்ற வேண்டும். .எஸ்ஓ என்றால் கோப்பு, அதைச் சுட்டும் சிம்லிங்க், லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக், அப்புறம் அங்கே ஏற்கெனவே இருக்கும் மூன்று புரோகிராமும் எந்த ஹெடரில் பிறந்தவை என்ற விசாரணை. .ஏ என்றால் வீட்டில் ஒரு முறை மேக் கட்டளையால் கட்டுவது, கையில் மூன்று கோப்பு, அவ்வளவுதான். எந்த யூட்டிலோடு சோதித்தேனோ அதே யூட்டில்தான் உள்ளே இருக்கும். பாதி புதுசு, பாதி பழசு என்ற நிலையே வராது.

இன்னொன்று, என் பெட்டிகளில் ஒன்று இருக்கும் பர்கூரில் தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மேலேயே சிபி (நகலெடுக்கும் கட்டளை) போட்டால் லினக்ஸ் விடாது, கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். நாமும் வேறு பெயரில் வைத்து, எம்வி கட்டளையால் பெயர் மாற்றிக்கொள்வோம். .எஸ்ஓ-வுக்கு அந்தக் காவல் இல்லை. மேலேயே சிபி செய்தால் ஓடுகிற புரோகிராமின் காலடியில் தரை மாறும், அது விழவும் செய்யும். எனக்கு விழுந்தது.

.ஏ-வுக்கும் விலை உண்டு. யூட்டிலில் ஒரு வரி திருத்தினாலும் மூன்று கோப்பையும் மாற்ற வேண்டும். ஸ்டாட்டிக் என்றதும், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி-யையும் சேர்த்து உள்ளே திணிக்க வேண்டாம். யூசர் பெயர் தேடும் அழைப்புகள் அப்படிச் செய்தால் தகராறு பண்ணும். என் யூட்டில் மட்டும் உள்ளே, ஜிலிப்சி வெளியே. கம்பைல் செய்வது, என் பெட்டிகளில் இருப்பதிலேயே பழைய டெபியன் லினக்ஸில். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியதைப் பழையதில் வைத்தால் வேண்டிய ஜிலிப்சி வெர்ஷன் இல்லை என்று நிற்கும்.

ஜிலிப் (ஜிலிப்சி அல்ல, இது வேறு) போன்ற தயார் லைப்ரரியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். இரண்டு வாரம்தான் பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். அளவைப் படிக்கத் தக்கபடி மாற்றும் அதன் ஜி_ஃபார்மட்_சைஸ், நாம் வேறு சொல்லாவிட்டால், 1000-ஆல் வகுக்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் -ஹெச் கட்டளை 1024-ஆல் வகுக்கும். ஒரே டிஸ்க்கை ஒன்று 500 என்றும் மற்றது 466 என்றும் காட்டினால் மேனேஜருக்கு யார் பதில் சொல்வது? மெமரி கிடைக்காவிட்டால், அதைக் கேட்டு வாங்கும் ஜிலிப்பின் ஜி_மாலக் புரோகிராமையே நிறுத்திவிடும். நெருக்கடியில் விழித்திருக்க வேண்டிய காவல்காரனுக்கு அது பொருந்தவில்லை.

முப்பது நாற்பது புரோகிராம்கள், நான்கைந்து பேர் கை வைக்கும் இடம் என்றால் .எஸ்ஓ-தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு ஓட்டையை ஒரே இடத்தில் அடைக்கலாமே. அந்த அளவில் நான் வேலை செய்ததில்லை.

பதினொரு பெட்டிகள் .ஏ-வுக்கு மாறியாயிற்று. காவேரிப்பட்டினத்தில் ஒன்று மட்டும் பாக்கி. அங்கே இன்னும் பழைய .எஸ்ஓ கிடக்கிறது, எந்த ஹெடரோடு என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.