சோலார் ஹீட்டர்: லிட்டர் கணக்குக்கு முன்னால் வீட்டில் கேட்க வேண்டியவை

உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். மொட்டை மாடியில் 300 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், கண்ணாடிக் குழாய் வகை, ஏழெட்டு வருஷமாக ஓடுகிறது. எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் யார், எப்போது, எவ்வளவு சூட்டில் குளிக்கிறார்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள் என்பேன். எங்கள் வீட்டில் இது இவ்வளவு நன்றாக அமைந்ததற்கு, பொருத்த வந்தவர் கேட்ட கேள்விகள்தான் காரணம்.

அவருக்கு முன்னால் விலை சொல்ல வந்தவர்கள் தலையை எண்ணிவிட்டு, "ஆறு பேருன்னா 200 லிட்டர் போதுங்க" என்று கிளம்பிவிட்டார்கள். இவர் திண்ணையில் உட்கார்ந்து அத்தையிடம் ஆரம்பித்தார்.

"காலைல மொதல்ல குளிக்கறது யாருங்க?"

"நாந்தானுங்க. நாலரைக்கு. பால் கறக்கப் போறதுக்குள்ள குளிச்சுப்போடோணும்."

"பக்கெட்டா, ஷவருங்களா?"

"பக்கெட்டுத்தான். தண்ணி நல்லாச் சுட்டாத்தான் எனக்குக் குளிச்ச மாதிரி இருக்கும்."

மாமா, "எனக்குப் பச்சத்தண்ணியே போதும்" என்று எழுந்துவிட்டார். பொருத்த வந்தவர் விடவில்லை. "பொழுதோட காட்டுலிருந்து வந்தா?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, மாமாவுக்குச் சாயங்காலம் முழங்காலுக்கு ஊற்ற நல்ல சூட்டில் வெந்நீர் வேண்டும் என்று. குழந்தைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் குளிப்பார்கள்.

இந்த ஒரு பதில் கணக்கையே மாற்றிவிட்டது. சோலார் டேங்கில் சுடுதண்ணீர் எடுக்க எடுக்க அதே அளவு பச்சைத்தண்ணீர் உள்ளே வரும். பகலில் என்றால் வெயில் அதைக் காய்ச்சிவிடும். பொழுது சாய்ந்த பிறகு வந்தது விடிய விடிய அப்படியே கிடக்கும். 200 லிட்டர் டேங்கில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் 60 லிட்டர் எடுத்து, 25 டிகிரித் தண்ணீர் உள்ளே வந்து முழுசாகக் கலந்தால், மிச்சம் 50 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே வந்துவிடும். 300 லிட்டரில் அதே அளவு எடுத்தால் 53. டேங்க் ராத்திரி முழுக்க இழக்கும் சூடு தனி. நாலரை மணிக்குக் குளிக்கும் அத்தைக்கு அந்த வித்தியாசம் பெரிது. எங்கள் வீட்டுக்கு 300 என்று அவர் சொன்னது இதனால்தான்.

அடுத்து தீபாவளியைக் கேட்டார். நாத்தனார்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள், எல்லாருக்கும் விடியும் முன் எண்ணெய்க் குளியல். அது ஐப்பசி மழைக்காலம், முந்தின நாள் வெயிலே இல்லாமல் போகலாம். "அந்த ஒரு நாளைக்காகப் பெரிய டேங்க் வாங்காதீங்க. பழைய பாய்லரை வித்துப்போடாதீங்க" என்றார். மட்டைக்கும் தேங்காய்த் தொட்டிக்கும் தோட்டத்தில் பஞ்சமில்லை. இன்றைக்கும் தீபாவளிக்கும் அடைமழை நாட்களுக்கும் அந்தச் செம்பு பாய்லர்தான். டேங்குக்குள்ளேயே 2 கிலோவாட் கரண்ட் ஹீட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. 300 லிட்டரை 25-இலிருந்து 60-க்குக் கொண்டுபோக 12 யூனிட்டுக்கு மேல் இழுக்கும், ஆறு மணி நேரமும் ஆகும். இரண்டு பேர் குளிக்க அது வீண்.

அந்தப் பாய்லருக்குள் விரலை விட்டுத் தடவியும் பார்த்தார். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. எங்கள் போர் தண்ணீர் அப்படி. தட்டை வகை ஹீட்டரின் மெல்லிய செம்புக் குழாய்களில் இந்த உப்பு அடைத்துக்கொள்ளும் என்று கண்ணாடிக் குழாயைச் சொன்னார். அதிலும் உப்பு படியத்தான் செய்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை குழாய்களைக் கழற்றிக் கழுவும்போது ஒவ்வொன்றின் அடியிலும் கையளவு வெள்ளைத் தூள் கிடக்கும். விட்டுவிட்டால் சூடு குறையும்.

குழாய்ப் பாதையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய், முக்கால் இஞ்ச் என்றால், மீட்டருக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். டேங்கிலிருந்து குளியலறை 18 மீட்டர் தள்ளி என்றால், குழாயில் ஆறிப்போன நாலரை லிட்டர் வந்து தீர்ந்த பிறகுதான் சுடுதண்ணீர் வரும். அத்தையின் குளியலறைக்கு மேலேயே டேங்கை வைத்ததால் அவருக்குக் காத்திருப்பு இல்லை. எங்கள் அறை தள்ளியிருக்கிறது. முதல் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்துக் கலந்துகொள்கிறோம். குழாய்க்குச் சுற்றிய கறுப்பு நுரை உறை வெயிலில் பொடிந்துவிட்டது. மேலே அலுமினியத் தாள் ஒட்டிய உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு ஆடி மாதம் அத்தை, தண்ணீர் சூடு பத்தவில்லை என்று தினமும் சொன்னார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பங்குனியில் இருந்த அதே சூடு. பொருத்தியவரைக் கூப்பிட்டோம். அவர் மாடிக்கே போகவில்லை. நேராகக் குளியலறைக்குள் போய், மேற்குப் பார்த்த ஜன்னலைக் காட்டினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்று. ஈர உடம்பில் பட்டால் தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் நடுக்கம்தான். ஜன்னலின் கீழ்ப் பாதிக்குக் கண்ணாடி போட்டோம். புகார் நின்றுவிட்டது.

குளிர் நாடுகளில் வீட்டையே சூடாக்குவதற்கும் இதே பாடுதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேங்கர் என்ற ஆய்வாளர் 1970 வாக்கில் வகுத்த கணக்கில், ஒருவருக்கு இதமாக இருக்கிறதா என்பது ஆறு விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் சூடு, சுவர் தரைகளின் சூடு, காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடம்பு செய்யும் வேலை. எவ்வளவு சரியாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேராவது திருப்தியில்லை என்பார்கள் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் குறை சொன்னால் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் நிற்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள்.

கோடையில் இதற்கு நேர் எதிர். சித்திரையில் யாரும் சுடுதண்ணீர் எடுப்பதில்லை, டேங்க் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். பாதிக் குழாய்களைச் சாக்கால் மூடிவிடுகிறோம். பச்சைத்தண்ணீரைத் திறந்த பிறகுதான் சுடுதண்ணீர்ப் பக்கம் கை போக வேண்டும் என்று குழந்தைகளுக்குப் பழக்கியிருக்கிறோம்.

இப்போது பெரியவளுக்கு மாடியில் ஓர் அறை கட்டுகிறோம். அவள் ராத்திரி பத்து மணிக்குக் குளிப்பவள். சோலார் டேங்கிலிருந்து அவளுக்கு லைன் இழுத்தால் அத்தையின் நாலரை மணித் தண்ணீர் ஆறிவிடும். அதனால் அந்தக் குளியலறைக்கு மட்டும் 15 லிட்டர் கெய்சர் என்று முடிவு செய்து, பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லிவிட்டோம்.