காட்பாடி ஞாயிறு தியான அமர்வு: நம்பிக்கையைக் கேட்காத பௌத்தப் பயிற்சி

மறுபிறவியையும் மேலுலகையும் நம்பவும் முடியாமல், அவை இல்லை என்று அடித்துச் சொல்லவும் மனம் வராமல் இருப்பவர்கள், பௌத்தப் பயிற்சியை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், வேலூர்ப் பகுதியில் நான் தயங்காமல் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. காட்பாடியில் ஒரு வீட்டின் மாடியில், வார நாட்களில் டியூஷன் நடக்கும் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை நடக்கும் தியான அமர்வுதான் அது. பெயரும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஒருவர் சொல்லி மற்றொருவர் வருவதாகவே நடந்துகொண்டிருக்கிறது. சில மாதங்களாகத் தொடர்ந்து போய்வருபவன் என்ற முறையில் அங்கே எது நன்றாக இருக்கிறது, எது போதவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

கூடத்தில் சிலை இல்லை, விளக்கு இல்லை, ஊதுவத்தியும் இல்லை. சனிக்கிழமை வகுப்பின் இயற்கணிதம் கரும்பலகையில் அழியாமல் இருக்க, அதன் எதிரே கோரைப்பாய்களை விரித்து, இலவம்பஞ்சுத் திண்டுகளைப் போட்டு உட்காருகிறார்கள். நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரைச் சார் என்றே அழைக்கிறார்கள், அவரும் தம்மைக் குரு என்று யாரும் அழைப்பதை அனுமதிப்பதில்லை. முதல் நாற்பது நிமிடம் ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகிய மூச்சைக் குறுகியது என்றும் அறிவது மட்டுமே வேலை; மூச்சைக் கட்டுப்படுத்துவதோ எண்ணங்களை விரட்டுவதோ இல்லை. கொசு கடித்தால் சொறியக் கூடாது என்று அவர் சொல்வதில்லை. அரிப்பு எங்கே தொடங்குகிறது, எப்படி ஏறுகிறது, கை போகும் முன்பே அது தணியத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் சொறியுங்கள் என்கிறார். நிலையாமை என்ற பெரிய கருத்தை ஒரு கொசுக்கடியில் காட்டிவிடும் இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. அதன்பின் மொட்டைமாடியில் மெதுநடை, பிறகு மெத்தா எனப்படும் அன்பைப் பரப்பும் தியானம், கடைசி அரை மணி நேரம் பேச்சு.

மூச்சுப் பயிற்சியை இன்று கைபேசிச் செயலிகளும் கற்றுத் தருகின்றன. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வகுப்பே நடத்துகின்றன. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்பவர்களுக்குச் சமயச் சார்பில்லாமல் தியானத்தைக் கொண்டுசேர்த்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் வழியில் பிற்காலத்தில் சந்தைக்கு வந்த பல சேவைகள் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒழுக்கத்தை விட்டுவிட்டன. கவனம் கூடிவிட்டால் போதும், எதற்காக அந்தக் கவனம் என்று கேட்கத் தேவையில்லை என்ற எண்ணம் அவற்றில் ஊறியிருக்கிறது. காட்பாடி அமர்வு வேறுபடுவது இந்த இடத்தில்தான். இங்கே ஐந்து சீலங்களும் ஒவ்வொரு வாரமும் வாசிக்கப்படுகின்றன: உயிரைக் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான பாலுறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மதியை மயக்கும் பொருள்களை விலக்குதல். அவை ஆண்டவன் இட்ட கட்டளைகளாக அல்லாமல், ஒருவர் தாமே முன்வந்து மேற்கொள்ளும் பயிற்சிகளாக முன்வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் ஒரு வாரத்துக்கு ஒரு சீலத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறன்று அதில் கண்டதைச் சொல்கிறார்கள். விருப்பமில்லாதவர் பேசாமல் இருக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை.

நல்ல தொழில் பற்றிய பேச்சு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுதம், உயிருள்ளவை, இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்கும் வணிகத்தை இல்லறத்தார் செய்யக் கூடாது என்று பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள் கூறுகின்றன. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், “அந்தப் பட்டியலில் தோல் இல்லையே, சார், அப்படியென்றால் என் வேலை குற்றமில்லாததா?” என்று கேட்டார். நம் பகுதியில் இதைவிட நேர்மையான கேள்வி இருக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவது இந்தத் தொழில். பாலாற்றுப் படுகையின் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுத்ததும் இதே தொழிலின் கழிவுநீர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும் கெட்ட சூழலைச் சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொன்னது.

சார் உடனே பதில் சொல்லவில்லை. பட்டியலை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தே நடக்கும் தீங்கு எது, அதில் உங்கள் கை படுவது எந்த இடத்தில் என்று மட்டும் திருப்பிக் கேட்டார். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருப்பவரிடம் வேலையை விடச் சொல்வது யாருக்கும் எளிது. அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. நண்பர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான செலவுக் கணக்கில் இனி நடந்ததை மட்டுமே எழுதப்போவதாகச் சொல்லி, பொய் சொல்லாமை என்ற நான்காம் சீலத்தை அந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டார். மறுபிறவியில் என்ன கிடைக்கும் என்ற பேச்சு ஒரு முறைகூட வராமல், ஒரு மனிதரின் அலுவலக மேசைவரை தம்மம், அதாவது புத்தரின் போதனை, போய்ச் சேர்ந்ததை அன்று கண்டேன்.

நம்பிக்கை குறித்த கேள்விகளையும் சார் ஒழுங்காகவே கையாள்கிறார். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் ஆற்றிய உரையைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மரபு என்பதாலோ நூலில் உள்ளது என்பதாலோ ஆசான் சொன்னார் என்பதாலோ எதையும் ஏற்காதீர்கள் என்பது முன்பாதி. வெறும் தர்க்கத்தை மட்டும் நம்பியும் ஏற்காதீர்கள் என்று அதே உரை சொல்வதை அவர் மறக்காமல் சேர்க்கிறார். இறுதியில் வரும் நான்கு ஆறுதல்களில் முதல் இரண்டும் ஐயவாதிக்கென்றே சொன்னவை போல இருக்கின்றன: மறுவுலகம் உண்டென்றால், பகையில்லா மனத்தோடு வாழ்ந்தவருக்கு அங்கே நன்மை, இல்லையென்றால், இங்கேயே இப்பிறவியிலேயே துயரின்றி வாழ்ந்த நன்மை. எது உண்மையாக இருந்தாலும் வாழும் முறை மாற வேண்டியதில்லை. உலகம் முடிவுள்ளதா முடிவற்றதா என்ற கேள்விகளுக்கு மாலுங்கியபுத்தர் என்ற துறவியிடம் புத்தர் விடை சொல்ல மறுத்ததையும், அம்பு தைத்தவன் எய்தவனின் குலம் கோத்திரம் கேட்டுக்கொண்டிருந்தால் மருத்துவம் நடக்காது என்ற உவமையையும் இதோடு சேர்த்துப் படித்தோம். மறுபிறவியில் நம்பிக்கை உள்ள இருவரும் அமர்வுக்கு வருகிறார்கள். அவர்களை யாரும் மடக்கிப் பேசுவதில்லை என்பதையும் நிறைவோடு குறிப்பிடுகிறேன்.

நடைமுறை விவரங்கள் சுருக்கமாக. கட்டணம் இல்லை, வாசலருகே ஓர் உண்டியல் இருக்கிறது, யார் போடுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, அதில் உட்காருவதற்குக் கூச்சப்பட வேண்டாம். கோடையில் ஏழரை மணிக்கே மாடித் தரை சுட ஆரம்பித்துவிடுவதால் மெதுநடையை முதலில் வைத்தால் நன்றாக இருக்கும். தீவிர மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவதே நல்லது என்று சாரே முதல் நாள் சொல்லிவிடுகிறார்.

என் ஒரே பெரிய குறை, சாதியைப் பற்றி அங்கே நிலவும் மௌனம். இளைஞர் ஒருவர் அம்பேத்கரைப் பற்றிக் கேட்டபோது, அரசியல் வேண்டாமே என்று பேச்சு திருப்பப்பட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்பிக்கை தேவையில்லாத பௌத்தம் மேல்நாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியானது அன்று. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளரான அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். வட ஆர்க்காட்டிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குப் போன தொழிலாளர்கள் நடுவே அந்தச் சங்கம் வேரூன்றியது. அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு, பௌத்தத்தைப் பகுத்தறிவு நெறியாக 1907லேயே விளக்கி எழுதினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தம்மம் தழுவிய அம்பேத்கர், முற்பிறவி வினைதான் இப்பிறவியின் நிலையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை ஏற்க மறுத்தார். பிறப்பால் ஒருவரைத் தாழ்த்துவதற்கு அந்தக் கருத்து துணைபோனதை அவர் கண்டிருந்தார். ஆக, மறுபிறவிக் கேள்வியை ஒதுக்கிவைக்கும் உரிமையை நமக்கு முன்பே போராடிப் பெற்றுத் தந்தவர்கள் இவர்கள். அந்த உரிமையை அனுபவித்துக்கொண்டே அவர்கள் பெயரை அரசியல் என்று தள்ளுவது, கொல்லாமையைப் படித்துவிட்டுத் தெருவில் நடக்கும் வன்முறையைப் பார்க்காமல் போவதற்கு ஒப்பானது. தோல் தொழிற்சாலைக் கணக்கைப் பேச முடிந்த கூடத்தில், அந்தத் தோலைப் பதப்படுத்தும் கைகள் யாருடையவை என்பதையும் பேச முடிய வேண்டும்.

இதைச் சாரிடம் நேரிலேயே சொன்னேன். அக்டோபர் 14ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையின் பேச்சு நேரத்தை அயோத்திதாசருக்கும் அம்பேத்கருக்கும் ஒதுக்கும்படி கேட்டு, வாசிப்பதற்குச் சில தமிழ்ப் பக்கங்களையும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களையும் கேட்டுவிட்டுச் சொல்வதாக வாங்கி வைத்திருக்கிறார். அவர் முடிவு தெரிந்ததும் இந்த மதிப்புரையில் சேர்க்கிறேன்.