மெஷினுக்கு மானியமா, கூட நிற்க ஓர் ஆளா? சிறு ஆலைகளுக்கான அரசுப் பணம் எந்த வழியில் போகலாம்

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். நான்கு லேத், கணினிக் கட்டளைப்படி தானாக உலோகத்தை வெட்டும் இரண்டு சிஎன்சி மெஷின். முதலாளி காலையில் கொட்டேஷன் போடுகிறார், மதியம் மெஷினில் நிற்கிறார், சாயங்காலம் வசூலுக்குக் கிளம்புகிறார். இப்படிப்பட்ட இடத்தில் ரோபோ, சென்சார், உற்பத்தி மென்பொருள் எல்லாம் வர அரசு பணம் தரலாம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் தருவது என்பதில்தான் சண்டை. எந்த வழியானாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாங்கிய மெஷின் ஆறு மாதம் கழித்தும் ஓடுகிறதா?

அரசுகளுக்கு மிகவும் பிடித்த வழி மூலதன மானியம். பில்லில் ஒரு பங்கை அரசு ஏற்கும். எண்ணிக்கை காட்டவும் சுலபம். தென் கொரியா 2014-இல் ஸ்மார்ட் ஃபாக்டரி (கணினிமயமான ஆலை) திட்டத்தைத் தொடங்கி, 2022-க்குள் 30,000 ஆலைகள் என்று இலக்கு வைத்து எட்டியும்விட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அடிப்படை நிலையைத் தாண்டவில்லை என்ற விமர்சனம் அங்கேயே எழுந்தது.

காரணம் புரியாததல்ல. மானியத்தில் வந்த ரோபோ கை தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால், ஏன் நின்றது என்று கேட்டுப் பாருங்கள். அதன் கிரிப்பர், அதாவது பாகத்தைப் பிடிக்கும் பிடி, ஒரே ஒரு பாகத்துக்காகச் செய்தது. அந்த ஆர்டர் முடிந்துவிட்டது. புதுப் பாகத்தை அசையாமல் தாங்கும் ஃபிக்சர் அடிக்க நேரமில்லை. புரோகிராம் கற்றுக்கொண்ட பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மானியக் கோப்பிலோ எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அது பில்லோடு முடிந்துவிடுகிறது. இன்னொரு சிக்கல், பல திட்டங்களில் முதலில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகுதான் மானியத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கும் நடைமுறை மூலதனம் உள்ளவருக்கு மானியமே அவ்வளவு அவசரமில்லை. அது இல்லாதவரால் விண்ணப்பிக்கவே முடியாது. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

வரிச் சலுகையில் விண்ணப்பப் போட்டியோ தேர்வுக் குழுவோ இல்லை. இத்தாலி 2017-இல் கொண்டுவந்த திட்டத்தில், தகுதியான மெஷினின் விலையில் 250 சதவீதம் வரை தேய்மானமாக, வரி கட்ட வேண்டிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு நிபந்தனை: மெஷின் ஆலையின் கணினி அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். வாங்கி மூலையில் வைத்தால் சலுகை கிடையாது. ஆனாலும் லாபம் இல்லாத ஆண்டில் தேய்மானக் கழிவால் என்ன பயன்? அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது 2020-இல் அதை வரி வரவாக (கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிக்கும் தொகையாக) மாற்றி, ஊழியர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சந்தாவிலும் ஈடுகட்ட அனுமதித்த பிறகுதான். அப்படியும் முதல் ரூபாய் முதலாளியின் பையிலிருந்துதான் போகிறது.

வட்டி குறைந்த கடனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் ஆர்டர் உள்ளவருக்கு உதவும். ஆர்டர் வருமா என்று தெரியாதவருக்கு அது இன்னொரு தவணை, அவ்வளவுதான்.

ஆலோசனை மையம் என்ற வழிதான் பார்க்க எளிமையாகவும் உள்ளே கனமாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் 1988-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய உற்பத்தி விரிவாக்கக் கூட்டமைப்புக்கு 50 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலுமாக 51 மையங்கள் உண்டு. அனுபவமுள்ள பொறியாளர் பட்டறைக்கே வருகிறார். ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு நாள் சிஎன்சி பக்கத்தில் நின்றாலே பல விஷயங்கள் வெளியே வரும். ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு மாற செட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம் போகிறது என்று வையுங்கள். அதில் பாதி, டூல் தேடுவதிலும் டிராயிங் தேடுவதிலும் கரைகிறது. இந்தப் பட்டறைக்கு முதலில் தேவை ரோபோ அல்ல, மெஷின் ஓரமாக ஒரு டூல் டிராலி. அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் மெஷினின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஒரு சிறு சென்சார். இதை மெஷின் விற்பவர் சொல்லமாட்டார். விற்பனையில் பங்கில்லாத ஒருவர்தான் சொல்ல முடியும்.

இதற்கும் பலவீனம் உண்டு. பட்ஜெட் மாறினால் ஆட்டம் காணும். 2025 ஏப்ரலில் 10 மையங்களுக்கு நிதி புதுப்பிக்கப்படாது என்று அறிவித்து, பிறகு தற்காலிகமாக நீட்டித்தார்கள். அனுபவசாலிகளை ஒருமுறை இழந்தால் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல.

பொதுக் கூடங்கள், அதாவது 3டி பிரிண்டரும் அளவுக் கருவிகளும் வைத்து எல்லோருக்கும் திறந்துவிடும் இடங்கள், சோதனைக்கும் மாதிரி செய்வதற்கும் நல்லவை. தினசரி உற்பத்திக்குச் சரிவராது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ஆலோசனை மையம் என்பேன். ஆனால் ஒன்றோடு நிற்க வேண்டிய கட்டாயமில்லை. பிரிட்டனின் மேட் ஸ்மார்ட்டர் திட்டம் 2019-இல் வடமேற்கு இங்கிலாந்தில் சோதனையாகத் தொடங்கியபோதே, ஆலோசகர், பயிற்சி, மாணவர் பணியமர்வு, அதிகபட்சம் 20,000 பவுண்டு வரை சமபங்கு மானியம் (ஆலையும் தன் பங்கைப் போட வேண்டும்) எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தந்தது. முதலில் என்ன தேவை என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப சிறு தொகை. சிறு ஆலைக்கு இந்த வரிசைதான் சரி.

அதில் நான் கூடுதலாகக் கேட்பது, மானியத்தின் ஒரு பகுதியை ஆர்டர் கொடுக்கும்போதே முன்பணமாகத் தர வேண்டும். கடைசிப் பகுதியை பில்லைப் பார்த்துத் தராமல், ஆறு மாத ஓட்டத்தைப் பார்த்துத் தர வேண்டும். இதற்குப் புதிய படிவமோ ஆய்வுக் குழுவோ வேண்டாம். சிஎன்சியின் திரையிலேயே மொத்த ஓட்ட நேரம் பதிவாகியிருக்கும். ஆபரேட்டர் அதைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.