ஏலத்தோட்டக்காரர்களின் அரட்டைக் குழுவுக்கு டெலிகிராம் ஏற்றதா?

கம்பத்திலும் போடியிலும் குடியிருந்துகொண்டு குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, மழைக்காலத்தில் காய் பிடிக்கும் சரத்தில் அழுகல் கண்ட அன்றே நாலு பேரிடம் ஒரே நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. மேலே தோட்டத்தில் நிற்கும் கங்காணி, ஸ்டோரில் காய் உலர்த்துபவர், கீழே வீட்டிலிருக்கும் உரிமையாளர் ஆகிய மூவரும் ஒன்றாகப் பேசக்கூடிய நேரடி அரட்டைக் குழுவாக டெலிகிராமை ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்ததன் மதிப்பீடு இது.

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கும்போது இன்னொரு செயலி எதற்கு என்பதுதான் முதலில் எழும் கேள்வி. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம், டெலிகிராமில் 2,00,000 பேர் வரை சேரலாம் என்றாலும், நம்மைப் போன்ற சிறு குழுக்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவரின் கைபேசி எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வியாபாரிகளும் தரகர்களும் கலந்திருக்கும் குழுவில், குறிப்பாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெண்கள், இதை விரும்புவதில்லை. டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாதபடி அமைப்புகளில் மாற்றிக்கொண்டு பயனர் பெயரோடு மட்டும் பேச முடிகிறது. புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடலைக் காட்டும் வசதியும் இருப்பதால், ஆடி மாதத்தில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தெளிப்பதைப் பற்றி முன்பே பேசி முடித்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

இதன் மிகச் சிறந்த அம்சம், ஒரே குழுவைத் தலைப்புவாரியாகப் பிரித்துக்கொள்ளும் வசதியே. நோயும் மருந்தும், புற்றடி மற்றும் போடிநாயக்கனூர் மின்னணு ஏலத்தின் அன்றைய விலை, ஜீப்பும் வேலையாட்களும், பொதுப் பேச்சு என்று நான்கு தலைப்புகளே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. காலை வணக்கப் படங்களைப் பொதுப் பேச்சோடு நிறுத்திவிட முடிந்தது ஒன்றே இந்தச் செயலிக்கு மாறியதற்குப் போதுமான காரணம் என்பேன். இலைப்படங்களைச் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும் என்பதால், கோப்பாக அனுப்பும்படி தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது நல்லது.

மாலையில் குரல் அரட்டையைத் திறந்துவிட்டால் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து பேசலாம். தட்டச்சுக்குச் சலிப்பவர்கள்கூட இதில் வாய் திறக்கிறார்கள். ஒரே நேரத்தில் பலர் பேசினால் நிர்வாகி ஒலியை அடைக்கலாம், பேச விரும்புபவர் கை உயர்த்திக் காட்டலாம், வராதவர்களுக்காகப் பதிவும் செய்து வைக்கலாம். எல்லையோரத்தில் அலைவரிசை ஏறி இறங்கும் இடங்களில் காணொலியை அணைத்துவிட்டுக் குரலோடு மட்டும் நிற்பதே உத்தமம்.

குறை என்று பார்த்தால், டெலிகிராம் குழுப் பேச்சுக்கு வாட்ஸ்அப்பில் உள்ளதைப் போன்ற முனைக்கு முனை மறையாக்கம், அதாவது பேசுபவர்களைத் தவிர செயலி நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி செய்யும் பாதுகாப்பு, கிடையாது. எழுதி அனுப்பும் செய்திகளில் அந்தப் பாதுகாப்பு இங்கே இருவருக்கிடையிலான ரகசிய அரட்டைக்கு மட்டுமே உண்டு. ஆகவே ஸ்டோரில் இருக்கும் சரக்கின் அளவு, வங்கி விவரம் போன்றவற்றைக் குழுவில் எழுதக் கூடாது. டிஸ்கார்ட் என்ற இன்னொரு அரட்டைச் செயலியில் குரல் அறைகள் எந்நேரமும் திறந்திருப்பது இதைவிட வசதிதான் என்றாலும், அதன் சர்வர், சேனல் அமைப்பை வயதானவர்களுக்கு விளக்குவதற்குள் மாலை கழிந்துவிடுகிறது.

குழுவுக்குப் பொது இணைப்பு வைத்தால் முதலீட்டு விளம்பரக்காரர்கள் நுழைய வழி கிடைத்துவிடும். எனவே தனிக்குழுவாகத் தொடங்கி, உறுப்பினர்கள் அனுப்பும் இணைப்புகளுக்கு முன்னோட்டம் தோன்றுவதைத் தடுத்து, நிர்வாகிகளாக மலைமேல் ஒருவரையும் கீழே ஒருவரையும் வைத்த பிறகே ஆட்களைச் சேர்க்க வேண்டும். இவை அனைத்தும் இலவசப் பதிப்பிலேயே கிடைப்பதால், எங்களைப் போன்ற குழுவுக்குக் கட்டணப் பதிப்பு தேவைப்படாது.