சீஸ் பொட்டேட்டோ கேசரோல்: ஃப்ரோசன் ஹாஷ் பிரவுனா, நாமளே சீவற உருளைக்கிழங்கா?

தேங்க்ஸ்கிவிங்குக்கு (அமெரிக்காவுல நவம்பர்ல வர்ற விருந்துப் பண்டிகை) சொந்தபந்தம் எல்லாம் கூடற வீட்டுல இந்த கேசரோல், அதாவது ட்ரேல கலந்து ஓவன்ல வேக வைக்கற டிஷ், பண்ண ரெண்டு வழி இருக்கு. ஃப்ரோசன் ஹாஷ் பிரவுன் (துருவியோ பொடியா நறுக்கியோ உறைய வச்ச உருளைக்கிழங்கு) வாங்கி டின்ல வர்ற சிக்கன் சூப், சவர் கிரீம் (புளிக்க வச்ச கிரீம்), செடார் சீஸ் எல்லாம் கலந்து மேல கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி ஓவன்ல வைக்கறது ஒண்ணு. இல்லன்னா பச்சை உருளைக்கிழங்கை மெல்லிசா சீவி, வெள்ளை சாஸ் காய்ச்சி ஊத்தி, அடுக்கடுக்கா வேக வைக்கற ஸ்காலப்டு பொட்டேட்டோஸ். நான் இப்போ முழுசா ஃப்ரோசன் பக்கம் வந்துட்டேன்.

ருசின்னு பாத்தா ஸ்காலப்டு ஒரு படி மேலதான், அதை ஒத்துக்கறேன். எங்க அண்ணி யூகான் கோல்டுங்கற மஞ்சள் சதை உருளைக்கிழங்குல பண்ணுவாங்க, வெட்டினா அடுக்கு அடுக்கா வரும், அவ்ளோ அழகா இருக்கும். செலவும் அதுலதான் கம்மி. நாலு பேருக்கு ஞாயித்துக்கிழமை டின்னர்னா நானும் அதைத்தான் பண்ணுவேன்.

ஆனா கூட்டம் வர்ற அன்னிக்கு என்னைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான், முந்தின நாள் ராத்திரியே ரெடி பண்ணி ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியுமா? காலையில இருந்து டர்க்கி (வான்கோழி) ஓவனை அடைச்சுட்டு கிடக்கும், அந்த நேரத்துல நின்னு கிழங்கு சீவ யாருக்கு முடியும். பச்சைக் கிழங்கை சீவி வச்சா கறுத்துப் போயிடும், தண்ணில போட்டு வச்சா ஸ்டார்ச் எல்லாம் போய் சாஸ் கெட்டியாகாது. ஹாஷ் பிரவுனை ஃபேக்டரியிலயே லேசா வேக வச்சுத்தான் ஃப்ரீஸ் பண்றாங்க, அதனால கறுக்காது. இன்னொண்ணு, புளி ஊத்தினா காய் வேகாதுன்னு நம்ம வீட்டுல சொல்வாங்கல்ல, சவர் கிரீம் புளிப்பும் அதே வேலையைத்தான் பண்ணும், பச்சைக் கிழங்குல அதைக் கலந்தா மேல சிவந்துடும் நடுவுல நறுக்குன்னு நிக்கும், பாதி வெந்த ஹாஷ் பிரவுனுக்கு அந்தத் தொல்லை இல்ல.

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல மோர்மன் சர்ச் பெண்கள் துக்க வீட்டுக்கு செஞ்சு எடுத்துட்டுப் போற டிஷ் இந்த ஹாஷ் பிரவுன் கேசரோல், ஃப்யூனரல் பொட்டேட்டோஸ்னுதான் அங்க சொல்வாங்க, 2002 சால்ட் லேக் சிட்டி விண்டர் ஒலிம்பிக்ஸ்ல இதோட படம் போட்டு சட்டையில குத்திக்கற நினைவுப் பின் கூட வந்துச்சு. முன்னாடியே செஞ்சு வச்சு தூக்கிட்டுப் போக இவ்ளோ தோதா இருக்கறதுலயே தெரியும், இது கூட்டத்துக்கான சாப்பாடுன்னு.

என் அளவு: 30 அவுன்ஸ் ஹாஷ் பிரவுன், 10.5 அவுன்ஸ் சூப் டின் ஒண்ணு, 2 கப் சவர் கிரீம், 2 கப் செடார், அரை கப் உருக்கின வெண்ணெய். கிழங்கை ஐஸ் விட வச்சு துணியில போட்டு நல்லா பிழிஞ்சுடுங்க, அந்தத் தண்ணி உள்ள போச்சுன்னா சாஸ் திரிஞ்ச மாதிரி ஆயிடும். சீஸ் கட்டியா வாங்கித் துருவுங்க, பாக்கெட்ல துருவி வர்றதுல ஒட்டாம இருக்க மாவு தூவியிருக்கும், சரியா உருகாது. 9க்கு 13 இன்ச் ட்ரே, 350 டிகிரி ஃபாரன்ஹீட், ஓரமெல்லாம் கொதிச்சு நடுவுலயும் குமிழ் வர்ற வரைக்கும், ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். கார்ன்ஃப்ளேக்ஸை மட்டும் ராத்திரியே போட்டுடாதீங்க, நமத்துடும், ஓவன்ல வைக்கும்போது வெண்ணெய்ல பிரட்டி தூவினா போதும். கண்ணாடி ட்ரேன்னா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து உடனே சூடான ஓவன்ல வைக்காதீங்க, விரிசல் விட்டுடும்.

சைவம் சாப்பிடறவங்க இருந்தா சிக்கன் சூப்புக்கு பதிலா மஷ்ரூம் சூப் போடலாம், ருசி ஒண்ணும் குறையல, ஆனா டின் லேபிளையும் சீஸ்ல ரென்னெட் (பாலைத் திரிய வைக்கற பொருள், சிலது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது) என்னன்னும் படிச்சுப் பாத்துடுங்க. ஓவன்ல இடமே இல்லன்னு ஸ்லோ குக்கர்ல வைக்கறவங்களும் இருக்காங்க, அதுல எனக்கு பழக்கம் கம்மி, மேல மொறுமொறுப்பு வராதுங்கறது மட்டும் நிச்சயம்.