சைக்கிளுக்கு முதலில் எது: மஞ்சள் வெஸ்டா, லைட்டா?

பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் காலை ஆறேகாலுக்கே சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இங்கே நல்ல இருட்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதிலிருந்து பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. தைப்பூசம் வரும் மாதங்களில் ஏழரைகூட ஆகிவிடும். என் அப்பாவும் காவலாளி வேலைக்கு அந்த இருட்டில்தான் மிதித்துப் போகிறார். அதனால் இந்தக் கேள்வியை நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

இரண்டும் வேண்டும் என்று சொல்வது சுலபம். ஆனால் கையில் முப்பது நாற்பது மலேசிய வெள்ளிதான் இருக்கிறது என்றால் முதலில் எதை வாங்குவது? லைட்டைத்தான் என்பேன்.

சட்டைக்கு மேல் போடும் இந்தக் கையில்லா வெஸ்டில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பளிச்சென்ற மஞ்சள் துணி, பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. பகல் வெளிச்சம் இல்லையென்றால் அந்தப் பளபளப்பும் இல்லை. அதில் தைத்திருக்கும் சாம்பல் பட்டை வேறு வகை. வண்டியின் விளக்கு அதன்மேல் விழுந்தால் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்.

தம்பிக்கு வெஸ்டை மாட்டி, வீட்டுக்குப் பின்னால் உள்ள ரோட்டில் நிற்கவைத்து, மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறத் தெருவிளக்கின் கீழ் அந்த மஞ்சள், பலமுறை துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருந்தது. என் ஹெட்லைட் பட்டதும் பட்டைகள் பளீரென்று எரிந்தன. சரி என்று அவன் வேலைக்குக் கொண்டுபோகும் பையை முதுகில் மாட்டச் சொன்னேன். பட்டை முழுவதும் பைக்குப் பின்னால் மறைந்துபோனது. பிறகு பக்கத்துச் சந்திலிருந்து திரும்பி வந்தேன். என் விளக்கு அவன்மேல் விழுவதற்குள் நான் அவன் பக்கத்திலேயே வந்துவிட்டேன்.

லைட்டுக்கு இன்னொருவர் தயவு வேண்டாம். அது தானே எரிகிறது. இதன் பலன் நம் நாட்டிலேயே தெரிந்த விஷயம். 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளில் நடந்த ஆய்வில், கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. டென்மார்க்கின் ஓடன்ஸ நகரத்தில், சக்கரத்தில் காந்தம் பொருத்தி எப்போதும் எரியும் சைக்கிள் விளக்கைச் சோதித்தார்கள். காயம் ஏற்படும் விபத்துகள் அங்கே 19 விழுக்காடு குறைந்தன. அப்பாவின் பழைய சைக்கிளில் டயரை உரசும் டைனமோ இருந்தது. மிதிப்பதை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடும். இப்போதைய பேட்டரி லைட்டில் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு: சார்ஜ் போட மறந்துவிடுவோம், நிறுத்தும் இடத்தில் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், ரெயின்கோட் தொங்கிப் பின்விளக்கை மூடிவிடும். பின்விளக்கு நிலையாக எரிவதே எனக்குப் பிடித்தது. கண் சிமிட்டும் விளக்கு சட்டென்று கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது சிரமம்.

வெஸ்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பகல் அதன் நேரம். நாலு மணிக்கு வானம் கறுத்து மழை இறங்கும்போதும், புகைமூட்டத்திலும் அந்த மஞ்சள் நன்றாக எடுபடும். டென்மார்க்கில் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்து ஓர் ஆண்டு சோதித்தபோது விபத்துக் காயங்கள் நன்றாகவே குறைந்தன. ஆனால் அது குளிர்நாட்டு ஜாக்கெட். இங்கே வலைத்துணி வெஸ்ட் வாங்குங்கள். அப்பாவுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது கெட்டித் துணி. இரண்டே நாளில் “வேர்க்குதுப்பா” என்று ஆணியில் மாட்டிவிட்டார். போடாத வெஸ்ட் யாரையும் காப்பாற்றாது.

இன்னொன்று: கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் லோரி ஒதுங்கிப் போகும் என்று நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பலவித உடைகளோடு ஓட்டிப் பார்த்தார்கள். எந்த உடை போட்டாலும் வண்டிகள் முந்தும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான். போலீஸ் என்று எழுதி, படம் பிடிப்பதாகவும் சொன்ன வெஸ்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்தார்கள். ஆகவே ஒருவர் அடிபட்டால் உடனே ‘வெஸ்ட் போட்டிருந்தாரா’ என்று கேட்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பார்த்து ஓட்டும் பொறுப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவே யாரும் பேசாத மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது: கணுக்காலில் கட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை. விலை சில வெள்ளிதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இரவில் நடந்த சோதனையில், பட்டை வைத்த வெஸ்ட் மட்டும் அணிந்த சைக்கிளோட்டிகளில் பாதிப்பேரைத்தான் ஓட்டுநர்கள் அடையாளம் கண்டார்கள். முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை சேர்ந்ததும் அது 90 விழுக்காடாக ஏறியது. நிலையாக மின்னுவது கம்பமாகவும் இருக்கலாம். மேலும் கீழுமாகப் போய்வருவது மனிதக் கால் என்று மூளைக்கு உடனே புரிந்துவிடுகிறது.

அப்பாவுக்குப் பின்விளக்கு பொருத்திக் கொடுத்தேன், வலது காலில் பட்டை கட்டினேன். பேன்ட் சங்கிலியில் சிக்காமல் இருக்கிறது என்பதற்காகவே அதை அவர் விரும்பிக் கட்டிக்கொள்கிறார். போன வாரம் ஃபெரிக்குப் போகும்போது, வெகுதூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. அப்பா என்று தெரிந்து வேகத்தைக் குறைத்தேன்.